மாற்றுப் பூட்டுகளும் ஜான் ஷீல்ட்ஸின் அரமும்

எல்லைப்புறப் பட்டறைகள் – 6

1806 மார்ச் 20. கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய கிளாட்சப் கோட்டை. கோட்டை என்பது பெயருக்குத்தான்; மரங்களை அறுத்து அடுக்கிக் கட்டிய சில அறைகளும் சுற்றி ஒரு வேலியும். மேற்கே கடல்வரை வழி தேடி வந்த லூயிஸ் – கிளார்க் குழுவினர் 33 பேர் முந்தைய டிசம்பர் 7 முதல் அங்கே அடைந்து கிடந்தார்கள். கிளம்பும்வரை தங்கிய 106 நாட்களில் மழை பெய்யாத நாட்கள் பன்னிரண்டே. தோலாடைகள் உடம்பிலேயே இற்றுப்போயின. இறைச்சி ஊசிப்போனது. ஊர் திரும்பும் பயணத்துக்கு இன்னும் மூன்றே நாள். அன்று மெரிவெதர் லூயிஸ் நாட்குறிப்பைத் திறந்து துப்பாக்கிகளின் நிலவரத்தை எழுதினார்.

வேட்டைக்காரர் ஜார்ஜ் ட்ரூயாரின் துப்பாக்கியில் பூட்டு, அதாவது தீப்பொறி கிளப்பிச் சுடவைக்கும் பகுதி, இனி உதவாது என்றாகிவிட்டது. கழற்றிவிட்டுப் புதியது மாட்டினார்கள். சார்ஜன்ட் பிரையரின் துப்பாக்கியில் குதிரையின் திருகாணி முறிந்துவிட்டது. அந்தத் துப்பாக்கி பிறந்த ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையிலேயே அந்தப் பூட்டுக்கென்று செய்து எடுத்துவந்த இன்னொரு திருகாணி கைவசம் இருந்தது. அதைப் போட்டுச் சரிசெய்தார்கள். கூடுதல் பூட்டுகளையும் பூட்டின் உறுப்புகளையும் முன்யோசனையோடு கொண்டுவராமல் இருந்திருந்தால், ஜான் ஷீல்ட்ஸ் என்ற ஆளின் கைத்திறனும் இல்லாதிருந்தால், தங்கள் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்நேரம் வெறும் கட்டைகளாகியிருக்கும் என்கிறார் லூயிஸ். நல்லவேளை, எல்லாம் வேலை செய்கின்றன.

புத்தகங்களில் இந்தப் பத்தியை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கரடி, அருவி, குழுவோடு போன சகாஜாவியா என்ற பெண், பனிமலை என்று எழுத எவ்வளவோ இருக்கிறதே! ஆனால் அந்தக் குளிர்காலத்தில் குழு உயிர் பிழைத்ததே துப்பாக்கியால்தான். டிசம்பர் தொடக்கம் முதல் மார்ச் 20 வரை அவர்கள் சுட்ட எல்க் மான்கள் 131, சிறு மான்கள் 20. இது சார்ஜன்ட் பேட்ரிக் காஸ் வைத்த கணக்கு. கடையும் கிடையாது, விளைச்சலும் கிடையாது. துப்பாக்கி கெட்டால் பட்டினி.

இந்த முன்யோசனை எங்கே தொடங்கியது என்று பார்க்க மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

1803 மார்ச்சில் லூயிஸ் அன்றைய வெர்ஜீனியாவில் இருந்த ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்குப் போனார். பொட்டோமாக்கும் ஷெனன்டோவாவும் கலக்கும் இடத்தில் அரசின் ஆயுதச் சாலை. கேட்டதையெல்லாம் கொடுக்கும்படி போர்த்துறைச் செயலர் ஹென்றி டியர்பார்ன் எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. பதினைந்து ரைஃபிள்கள், மருந்துக் கொம்புகள், குண்டு வார்க்கும் அச்சுகள், குழல் துடைக்கும் திருகுகள், அவற்றோடு கூடுதல் பூட்டு உறுப்புகளும் பழுது பார்க்கும் கருவிகளும். ஒரு வாரத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைத்துப் போனவர் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். காரணம் துப்பாக்கி அல்ல, படகு. பிரித்து மூட்டையாகக் கட்டித் தூக்கிப்போய், மலைக்கு அப்பால் மறுபடி பூட்டித் தோல் போர்த்தி ஓட்டக்கூடிய இரும்புச் சட்டப் படகு அவருடைய சொந்தக் கற்பனை. பக்கத்திலேயே நின்று செய்து வாங்கினார். அந்தப் படகு 1805 ஜூலை 9-ஆம் தேதி மிசூரி அருவிகளுக்கு மேலே தண்ணீரில் இறங்கியது. தையல் இடுக்குகளை அடைக்கத் தார் எடுக்கப் பைன் மரங்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. சில மணி நேரத்தில் ஒழுக ஆரம்பித்தது. கைவிட்டுவிட்டார்கள். ஒரு மாதக் கவனம் வாங்கிய படகு அப்படிப் போக, பட்டியலில் ஒரே வரியில் வந்துபோகிற உதிரிப் பூட்டுகள்தான் கடைசிவரை கூட வந்தன.

சக்கிமுக்கித் துப்பாக்கியில் குழலும் கட்டையும் பெரிதாகத் தொந்தரவு தராது. வம்பெல்லாம் பூட்டில்தான். குதிரையின் இரண்டு தாடைகளுக்கு நடுவே சக்கிமுக்கிக் கல், மேலே அதை இறுக்கிப் பிடிக்கும் திருகாணி. விசையை இழுத்ததும் உள்ளே மடங்கியிருக்கும் மெயின் ஸ்பிரிங் விரிந்து குதிரையை முன்னால் அடிக்கிறது. கல் எஃகு மூடியில் உரசித் தீப்பொறி தெறிக்கிறது. மூடி விலகித் திறக்கிறது. கீழே கிண்ணியில் இருக்கும் ரஞ்சகம் பற்றுகிறது. அந்தத் தீ குழலின் பக்கவாட்டுத் துளை வழியே உள்ளே போய் மருந்தைப் பிடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் எஃகைச் சுரண்டி எடுத்துத்தான் பொறி கிடைக்கிறது. ஆக, மூடி தேய்ந்துகொண்டே போகும். ஸ்பிரிங்கில் துவைச்சல் சற்றுக் கூடினால் முறியும், குறைந்தால் தளரும். தீத்துளை எரிந்து எரிந்து அகலும். கல் மழுங்க மழுங்கத் திருகாணியைத் தளர்த்தி இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் அதன் மரை போய்விடும். இதற்கு மேல் கிளாட்சப்பின் மழையும் துருவும்.

உதிரிப் பூட்டு இருந்ததால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பூட்டும் கையால் அராவிச் செய்தது. கட்டையில் அது உட்காரும் குழியும் கையால் குடைந்தது. ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. எந்தத் துண்டை எடுத்தாலும் எதற்கும் பொருந்த வேண்டும் என்ற கனவு அப்போதே இருந்தது. 1785-இல் பாரிஸில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞர், பிரித்துப்போட்ட பூட்டுகளின் உறுப்புகளை ஓர் அமெரிக்கத் தூதர் முன்னால் குவித்து வைத்தார். தூதர் கைக்கு வந்ததை வந்தபடி எடுத்துத் தானே சில பூட்டுகளைக் கோத்துப் பார்த்து வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயர் தாமஸ் ஜெஃபர்சன். பின்னாளில் குடியரசுத் தலைவராகி லூயிஸை மேற்கே அனுப்பியவர். 1801-இல் வாஷிங்டனில் அதே வித்தையை எலி விட்னியும் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் விட்னியின் மஸ்கெட்டுகளைத் திறந்து பார்த்தவர்கள் அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கண்டார்கள். காட்சிக்கு வைத்தது வேறு, சரக்கு வேறு! அந்தக் கனவு உண்மையில் பலித்தது 1820-களில், அதே ஹார்ப்பர்ஸ் ஃபெரியில், ஜான் ஹால் என்பவரின் கையில்.

ஆகவே 1806-இல் ட்ரூயாரின் கட்டையில் புதுப் பூட்டை உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் அரமும் உளியும் வேண்டும்.

ஜான் ஷீல்ட்ஸ் 1769-இல் பிறந்தவர். கேப்டன் கிளார்க்கைவிட ஒரு வயது மூத்தவர். மணமாகாத இளைஞர்கள்தான் வேண்டும் என்று ஆள் சேர்த்த குழு, முப்பது வயதைத் தாண்டிய, மனைவியுள்ள இந்தக் கென்டக்கிக்காரரை மட்டும் விதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொண்டது. கொல்லுவேலை தெரிந்தவரை விட மனம் வரவில்லை போலும். சேர்ந்த சில மாதங்களில் அவர் செய்த காரியம் கலகம். 1804 வசந்தத்தில், புறப்படும் முன்பே, சார்ஜன்ட் ஆர்ட்வேயின் உத்தரவுக்குப் பணிய மறுத்து மிரட்டி விசாரணைக்கு நின்றார். மன்னிப்புக் கேட்டு மீண்டார். வேறொரு படையில் என்றால் முதுகுத்தோல் உரிந்திருக்கும்.

அவருடைய உலை முழுமையாக எரிந்தது 1804–05 குளிர்காலத்தில், இன்றைய வடக்கு டகோட்டாவில், மாண்டன் கோட்டையில். கடும் உறைபனி. கொண்டுவந்த தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மாண்டன், ஹிடாட்சா பழங்குடி ஊர்களில் சோளம் குவிந்து கிடந்தது. ஆனால் அவர்கள் சும்மா கொடுப்பார்களா? ஷீல்ட்ஸும் குழுவில் இருந்த வில்லார்டும் பிராட்டனும் மரம் வெட்டிக் கரி சுட்டு உலை மூட்டினார்கள். மாண்டன்களின் மண்வெட்டிகள், கெட்டில்கள், துப்பாக்கிகள் எல்லாம் பழுதுபார்க்க வந்தன; கூலி சோளம். பழுதைவிடக் கிராக்கி போர்க்கோடரிக்கு. அவர்கள் விரும்பிய வடிவம் லூயிஸுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அலகு மெல்லிசு, கைப்பிடி குட்டை, பயன்படுத்த வசதியில்லாத ஆயுதம் என்று நாட்குறிப்பில் நொந்துகொள்கிறார். அதைப் பற்றி மாண்டன்களுக்கு என்ன கவலை? வாங்குபவருக்குப் பிடித்த வடிவில்தான் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தீயில் பாழாய்ப்போன ஓர் இரும்புத் தகட்டு அடுப்பை நான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டி விற்றபோது ஒவ்வொரு துண்டுக்கும் ஏழெட்டு காலன் சோளம் கிடைத்தது. இந்தக் கொல்லர்கள் இல்லாமல் சோளம் வாங்க வேறு வழி கண்டிருக்க முடியுமா என்று லூயிஸே ஐயப்படுகிறார். போர்க்கோடரி எந்தச் சண்டைக்குப் போகும் என்ற கேள்வி அந்தக் குறிப்புகளில் எழவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

அடுத்த கோடையில், 1805 ஜூன் 10-ஆம் தேதி வாக்கில், மரியாஸ் ஆறு மிசூரியில் சேரும் இடத்தில் சுமையைக் குறைக்க முடிவுசெய்தார்கள். குழி தோண்டிப் புதைத்தவற்றில் கொல்லனின் துருத்தி, சம்மட்டி, குறடு எல்லாம் அடக்கம். அதற்கு முன் துருத்தியைக் கடைசியாக ஒரு தடவை பூட்டி ஒரு வேலை முடித்தார்கள்: லூயிஸின் காற்றுத் துப்பாக்கியில் முறிந்துபோன மெயின் ஸ்பிரிங்குக்குப் பதில் ஷீல்ட்ஸ் புதியது அடித்துப் போட்டார். யாரிடமும் முறையாகத் தொழில் பழகாதவர், தனக்கு வேண்டிய கருவிகளைப் பெரும்பாலும் தானே செய்துகொள்பவர், மரமோ இரும்போ எதிலும் அருமையாக வேலை செய்பவர் என்று அன்று லூயிஸ் அவரைப் பாராட்டி எழுதினார்.

இப்போது கிளாட்சப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். துருத்தி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மண்ணுக்குள். அரமும் உளியும் உதிரிப் பையும் மட்டும் கையில். ஒரு திருகாணியை அடித்து மரை வெட்ட முடியாத இடத்தில், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் யாரோ ஒருவர் மெனக்கெட்டுக் கூடுதலாகச் செய்துவைத்த திருகாணி எவ்வளவு பெரிய சொத்து!

திரும்பும் வழியிலும் வேலை ஓயவில்லை. 1806 ஜூலை 1, டிராவலர்ஸ் ரெஸ்ட் முகாம். சில நாட்களுக்கு முன் குழுவைச் சேர்ந்த வின்சரின் ரைஃபிள் வாயருகே வெடித்திருந்தது. பிளந்த பகுதியை ஷீல்ட்ஸ் அறுத்தெறிந்தார். மிஞ்சிய குட்டைத் துப்பாக்கி சுட்டது. மலை தாண்டி வழிகாட்டியதற்காக ஒரு செவ்விந்தியத் தலைவருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதற்குப் பதில் இதைக் கொடுத்தார் லூயிஸ். தலைவருக்கு ஏக மகிழ்ச்சி. பல தடவை சுட்டுப் பார்த்துக்கொண்டார் என்று பதிவாகியிருக்கிறது. வெடித்த துப்பாக்கியைக் கைமாற்றியதில் லூயிஸின் சாமர்த்தியத்தை மெச்சுவதா, முகம் சுளிப்பதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பயணம் முடிந்த பிறகு, 1807 ஜனவரியில், குழுவினரின் பட்டியலைப் போர்த்துறைக்கு அனுப்பியபோது ஷீல்ட்ஸ் பெயருக்கு எதிரே லூயிஸ் ஒரு குறிப்பு எழுதினார்: துப்பாக்கிகளைப் பழுதுபார்த்ததில் இவருடைய திறமைபோல் எங்களுக்குப் பயன்பட்டது வேறில்லை, கைவினைஞர் என்ற முறையில் கூடுதலாக ஏதும் கொடுக்க முடிந்தால் அதற்கு முழுத் தகுதியுள்ளவர். மற்றச் சிப்பாய்களைப் போல அவருக்கும் 320 ஏக்கர் நிலம் கிடைத்தது. 1809-இல் இறந்துபோனார்.

அந்தத் துப்பாக்கிகள் என்ன ஆயின? லூயிஸ் வாங்கிய ரைஃபிள் என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டக்கூடிய ஒன்றுகூட இன்று இல்லை. அவை எந்த மாதிரி என்பதிலேயே சண்டை. ஹார்ப்பர்ஸ் ஃபெரியின் புகழ்பெற்ற 1803 மாதிரி ரைஃபிளுக்கு அரசு ஒப்புதல் வந்தது அந்த ஆண்டு மே இறுதியில். லூயிஸ் கிளம்பியதோ ஏப்ரலில். ஆகவே அவர் எடுத்துப்போனவை அதன் முன்னோடிகள் என்கிறது ஒரு கட்சி. 1792-இல் ஒப்பந்தத்தில் செய்து வாங்கிக் கிடங்கில் கிடந்தவற்றைக் குறுக்கித் திருத்தியவை என்கிறது இன்னொரு கட்சி. நாட்குறிப்பில் அடிக்கடி வரும் ‘குட்டை ரைஃபிள்’ என்ற சொல்லை இரண்டு கட்சியும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கின்றன.

1803 மாதிரியில் 1807 வரை சுமார் 4,000 செய்தார்கள். 1814-க்குப் பிறகு இன்னும் பல ஆயிரம். தப்பியவை அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. அவை பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வரும்போது முதல் வேலை, கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு அளப்பது. கோல் அடிவரை போகவில்லை என்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிறது என்று பொருள். நூற்றைம்பது வருடம் முன்பு யாரோ கெட்டித்துச் சுவரில் மாட்டிய துப்பாக்கிகள் இன்றும் அப்படி வருவதுண்டு. அடுத்த கேள்வி, பூட்டு அசலா என்பது. 1830-களுக்குப் பின் சக்கிமுக்கிக்குப் பதில் சிறு வெடித்தொப்பி வைத்துச் சுடும் முறை பரவியபோது ஏராளமான சக்கிமுக்கிப் பூட்டுகளில் குதிரையையும் மூடியையும் கிண்ணியையும் கழற்றி எறிந்து புது முறைக்கு மாற்றிவிட்டார்கள். இன்றைய சந்தையில் சக்கிமுக்கிக்குத்தான் விலை. ஆகவே மாற்றியதை மறுபடி மாற்றி, பழைய ஆணித்துளைகளை அடைத்து, புதுக் கிண்ணி வைத்து, செயற்கையாகத் துரு ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் என் பார்வையில் அது மோசடிக்குப் பக்கத்து வீடு. மாற்றியமைத்ததும் அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கையில் ஒரு கட்டம்தானே. 1840-இல் ஒரு விவசாயி கொல்லரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டதை இல்லை என்று சாதிக்க நமக்கு என்ன உரிமை?

மெருகேற்றுவதும் அதே ரகம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற கையோடு பழைய குழலைத் தேய்த்தால், பழுப்பேறிய மேற்பரப்போடு பூட்டுத் தட்டில் குத்திய கழுகு முத்திரையும் ஆண்டும் சேர்ந்தே போகும். பொறுப்பான பழுதுபார்ப்பவர் எண்ணெய் ஊறவைத்துத் துருவை மெல்லச் சுரண்டுவார். கட்டையின் பிளவை ஒட்டுவார். அதற்கு மேல் போவதில்லை.

சுட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நகல்கள் இருக்கின்றன. அமெரிக்க எல்லைப்புறத் துப்பாக்கி நகல்களில் பெரும்பங்கு 1950-களின் இறுதியிலிருந்து வடக்கு இத்தாலியில், கார்தோனே வல் திராம்பியா பகுதியில் தயாராகி வருகிறது. 1803 மாதிரியும் அங்கே செய்யப்பட்டது. 2003 முதல் 2006 வரை பயணத்தின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது இவற்றுக்கு நல்ல வேலை. மலிவான நகல்களில் எஃகு மூடி சரியாகக் கடினமேறாமல் பொறி சோம்பும். அதைக் கழற்றி மறுபடி பதப்படுத்தித்தான் தர வேண்டும். இன்னொரு வேடிக்கை: இத்தாலிய நகல்களின் திருகாணி மரை மெட்ரிக் அளவு, அசலின் மரையோ கையால் வெட்டியது. பார்க்க இரண்டும் அச்சு அசல். பிரையரின் துப்பாக்கியில் முறிந்த அதே திருகாணியை நகலிலிருந்து கழற்றி அசலில் போட முடியாது.

கடைசியாக அந்தக் காற்றுத் துப்பாக்கி. ஆஸ்திரிய ராணுவத்துக்காக 1780 வாக்கில் ஜிராந்தோனி என்பவர் செய்த வகை அது. பின்கட்டையே காற்றுத் தொட்டி. நிரப்ப ஏறத்தாழ 1,500 தடவை பம்பு அடிக்க வேண்டும். ஒரு நிரப்பில் இருபது குண்டுகளுக்கு மேல் சுடும். லூயிஸிடம் இருந்தது ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1803 செப்டம்பரில் வீலிங் ஊரில் அதைப் பார்த்த தாமஸ் ரோட்னி என்பவரின் நாட்குறிப்பு அதைத் தொடர்ந்து சுடும் வகையாகக் காட்டியது. சேகரிப்பாளர் ராபர்ட் பீமனிடம் அப்படியொரு பழைய ஜிராந்தோனி இருந்தது. நகல் செய்வதற்காக எர்னஸ்ட் கோவன் என்ற கைவினைஞர் அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்தபோது, உள்ளே மெயின் ஸ்பிரிங் ஆஸ்திரியத் தொழிற்சாலை வேலையாக இல்லை. லாடக்காரர் குளம்பு ராவும் அரத்தைக் காய்ச்சி அடித்துச் செய்த முரட்டு ஸ்பிரிங்.

மரியாஸ் ஆற்றங்கரையில் 1805 ஜூனில் அடித்த ஸ்பிரிங் இதுவே என்பது பீமன் தரப்பின் வாதம். ஏற்காதவர்களும் உண்டு, அரத்தில் ஸ்பிரிங் அடித்த கொல்லர் உலகில் ஒருவர்தானா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். எனக்கு அந்த வாதம் பெருமளவு ஏற்புடையதாகவே படுகிறது. எப்படியானாலும், இடையில் எவராவது நல்லெண்ணத்தோடு அந்த அசிங்கமான ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆஸ்திரிய வடிவில் பளபளப்பாக ஒன்றை மாட்டியிருந்தால், வாதாடவே ஒன்றும் மிஞ்சியிருக்காது. பீமன் அந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். ராணுவம் அதைப் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் வைத்துக்கொண்டது.

அடுத்த இதழில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போகிறோம். மலை வேட்டைக்காரர்களின் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே, அவை எங்கெங்கே உடைகின்றன என்று கற்றுக்கொண்டு, உடையாத ரைஃபிள் ஒன்றைச் செய்த ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்களின் பட்டறை அங்கேதான் இருந்தது.

(தொடரும்)